வெள்ளையடிக்காத வீடு

அத்தியாயம் 17

கழுத்தில் தாலி இருக்கிறது. பக்கத்தில் ஆள் இல்லை. அப்படிப்பட்டவள் ஓர் ஊரில் எங்கே நிற்க வேண்டும், எந்த வரிசையில் உட்கார வேண்டும் என்று லோகப்பிரியாவுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. கல்யாண வீட்டில் தாம்பாளம் எடுக்கிற நேரத்தில் அவளைக் கூப்பிடலாமா, வேண்டாமா என்று பெண்கள் ஒரு கணம் யோசிப்பார்கள். பிறகு கூப்பிடுவார்கள். அந்த ஒரு கணத்தை அவள் மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கிணறு வற்றிப்போன வருடம் அவள் கணவன் செங்கோட்டையனுக்கும் மாமனார் நஞ்சுண்டனுக்கும் வாய்த்தகராறு முற்றியது. "இந்தப் பாறையக் கொடைஞ்சுட்டு இங்கயே கெடக்கறதுக்கு, நாலு ஊருக்குப் போயித் தண்ணி காட்டறேன்" என்று சொல்லிவிட்டு, போர் போடும் ரிக் வண்டியில் ஏறி வடக்கே போனான். ராய்ப்பூரிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. மூன்றாவது வரவில்லை.

இந்த மார்கழியில் ஒத்தப்பனைப்புதூருக்குக் கோயம்புத்தூர்க் கல்லூரி மாணவர்கள் நாற்பது பேர் முகாம் போட வந்ததும், ஊர் இளைஞர்களும் பெண்களும் அவர்களோடு சேர்ந்து ஊரை அழகாக்கக் கிளம்பியதும், மாமியார் செல்லாத்தாள் எவ்வளவு தடுத்தும் லோகப்பிரியா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சுண்ணாம்புத் தொட்டிக்குப் போய் நின்றதும் நமக்குத் தெரியும். பல மாதம் கழித்துப் போன வாரம்தான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

இன்று முகாமின் ஒன்பதாவது நாள். நாளைக் காலை பத்து மணிக்குக் கலெக்டர் வருகிறார். மாவட்டத்திலேயே அழகான கிராமம் எது என்று பார்த்துப் பரிசு கொடுக்கப் போகிறார்களாம். சீமைக்கருவேலம் வெட்டியாயிற்று. சாக்கடை அள்ளியாயிற்று. பள்ளிக்கூடத்து ஓரம் முழுக்கப் புங்கங்கன்று நட்டு, பனையோலையில் கூண்டு கட்டியாயிற்று. பாக்கி இருந்தது கிழக்கு வீதிதான். லோகப்பிரியாவின் வீதி.

விடியும் முன்பே அவள் முன்வாசலிலிருந்த உரல், கோழிக்கூடை, தண்ணீர்த்தொட்டி எல்லாவற்றையும் நகர்த்தி வைத்தாள். சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த முறத்தைக் கழற்றினாள். தூசி தட்டினாள். செல்லாத்தாளுக்கு முட்டி வீங்கியிருந்தது. கட்டிலில் உட்கார்ந்தபடியே அதிகாரம் செய்தாள்.

"அம்மணி, நம்மூட்டுக்கு நீலம் சித்த தூக்கலா ஊத்தச் சொல்லு. போன வருசம் அடிச்சவன் சோத்துத்தண்ணியாட்ட அடிச்சுட்டுப் போயிட்டான்."

"நாந்தானுங்களே அத்தை கலக்கறேன். நம்மூட்டுக்குன்னு தனியா கலக்கறனுங்க."

"பார்த்து. கையிகிய்யி வெந்துபோகும்."

மாமனார் எதுவும் பேசவில்லை. காபியைக் குடித்தார், டம்ளரைக் கவிழ்த்தார், தோட்டத்துக்குக் கிளம்பினார். வாசலில் எடுத்து வைத்திருந்த உரலைத் தாண்டும்போது மட்டும் ஒரு முறை நின்று சுவரைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

பேச்சுக் குறைந்த மனிதர். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

* * *

வீதி முனையில் இரும்புப் பீப்பாயில் சுண்ணாம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தண்ணீரில் கல்லைப் போட்டதும் பொருமி, வெடித்து, ஆவி கக்கி அடங்கும். அதை ஒரு கோலால் கிண்டி, வஜ்ஜிரப் பசை ஊற்றி, நீலத்தைத் துணியில் கட்டி முக்கி எடுப்பது லோகப்பிரியாவின் வேலை.

மாணவர் தலைவன் பிரவின்குமார், வாளியும் சுண்ணாம்பு அடிக்கிற மட்டையுமாக வந்து நின்றான். இரண்டு கையிலும் கட்டு.

"என்ன சாமி, இன்னைக்கும் கைய உள்ள உட்டுட்டியா?" என்று கேட்டாள் ராசாத்தாள். லோகப்பிரியாவின் பக்கத்து வீட்டுக்காரி. ஊர் நியாயம் எல்லாம் அவள் வாயில்தான்.

"மட்டை விழுந்துருச்சுங்க. எடுக்கறதுக்கு..."

"காலேசுல இதெல்லாம் சொல்லித்தர மாட்டாங்களா? பொண்ணு குடுக்கறவன் கையப் பார்த்தா ஓட்டல்ல வேலை செய்யறவன்னு நெனைச்சுக்குவான்."

எல்லோரும் சிரித்தார்கள். பிரவின்குமாரும் சிரித்தான். லோகப்பிரியா அவன் வாளியை நிரப்பிக் கொடுத்தாள்.

பத்து மணிக்குள் வீதியின் இந்த முனையில் நான்கு வீடு முடிந்தது. மதியத்துக்குள் ராசாத்தாள் வீடு. அடுத்தது தன் வீடு என்று லோகப்பிரியா தனியாக ஒரு வாளியில் நீலம் தூக்கலாகக் கலந்து, அதை ஒரு சாக்கால் மூடி வைத்தாள்.

நிமிர்ந்து பார்த்தபோது ஏணி நகர்ந்துகொண்டிருந்தது. நான்கு பையன்கள் அதைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டு வாசலைத் தாண்டினார்கள். அந்தப் பக்கத்து மூலை வீட்டில் போய்ச் சாத்தினார்கள்.

முதலில் அவள் நினைத்தது, வெயில் படும் சுவரை முன்னால் முடிக்கிறார்கள் போல என்றுதான். அரை மணி நேரம் பார்த்தாள். மூலை வீடு முடிந்தது. பையன்கள் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த சந்துக்குத் திரும்பினார்கள்.

"ஏனுங்க தம்பி, எங்கூட்ட உட்டுட்டீங்களே."

பிரவின்குமார் தயங்கினான். கட்டுப் போட்ட கையால் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தான். "இல்லீங்கக்கா. லிஸ்ட்ல..."

"லிஸ்ட்ல என்ன?"

அவன் நோட்டைக் காட்டவில்லை. அவளே வாங்கிப் பார்த்தாள். கதவு எண், வீட்டுக்காரர் பெயர், சுவரின் அளவு. பன்னிரண்டாம் எண். நஞ்சுண்டன். அளவு எழுதவேண்டிய இடத்தில் அளவு இல்லை. 'துக்க வீடு' என்று எழுதியிருந்தது.

முகாமின் முதல் நாள் விவரம் தெரியாமல் மேற்கு வீதியில் ராமாமணி வீட்டுச் சுவரில் மட்டையை வைத்துவிட்டு இந்தப் பையன்கள் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அந்த வீட்டில் ஆடியில்தான் சாவு விழுந்திருந்தது. வருடம் திரும்பும்வரை அங்கே சுண்ணாம்பு அடிக்கக் கூடாது, தை நோம்பிக்குப் பொங்கல் வைக்கக் கூடாது. அதற்கப்புறம்தான் வீடு வீடாகக் கேட்டு லிஸ்ட் எடுத்தார்கள். ஊரில் மூன்று துக்க வீடுகள் என்று கேள்விப்பட்டிருந்தாள். மூன்றாவது எது என்று யோசித்ததில்லை.

"இது தப்பா எழுதியிருக்குதுங்க தம்பி. எங்கூட்ல ஒண்ணுமில்ல."

"டீச்சர் எழுதுனதுங்கக்கா. நான் அப்பவே கேட்டேன். அவங்க, 'அத அங்க போயிக் கேக்காத, கம்முனு தாண்டிப் போயிரு'ன்னாங்க."

ராசாத்தாள் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். லோகப்பிரியா நோட்டை மூடிக் கொடுத்தாள். சாக்கால் மூடிய வாளி அப்படியே இருந்தது.

* * *

அன்புக்கரசி டீச்சர் காலனிக்காரி. அதே காலனியில் பால்வாடி நடத்துகிறாள். ஊரை அழகாக்குகிறோம் என்றால் காலனியில்தான் ஆரம்பிக்க வேண்டும், கலெக்டர் ஜீப் நிற்கிற இடத்தில் அல்ல என்று முதல் நாளே கல்லூரி வாத்தியாரிடம் வாதாடி ஜெயித்தவள். பயம் என்பது தெரியாதவள் என்று லோகப்பிரியா அவளைப் பற்றி நினைத்திருந்தாள். இந்த ஒன்பது நாளில் இருவரும் ஒரே டிபன் டப்பாவில் சாப்பிடுகிற அளவுக்கு வந்துவிட்டார்கள்.

தண்ணீர்த் தொட்டியடியில் குழந்தைகளைக் கொண்டு கல்லுக்குக் காவி பூசவைத்துக்கொண்டிருந்தாள் டீச்சர். லோகப்பிரியா வருகிற வேகத்தைப் பார்த்ததும் எழுந்தாள்.

"டீச்சரு, எங்கூட்ட எதுக்குங்க துக்க ஊடுன்னு எழுதுனீங்க?"

அன்புக்கரசி குழந்தைகளைப் பார்த்தாள். "நீங்க போயி அக்கட்ட வெளையாடுங்க."

"சொல்லுங்க."

"எனக்கு வேற எப்படி எழுதறதுன்னு தெரியலீங்க லோகு."

"எப்படி எழுதறதுன்னா?"

"ஞாயித்துக்கெழமை உங்க ஊட்டுக்கு வந்தனுங்க. நீங்க கிணத்துக்கடவுக்கு உங்கண்ணன் கொழந்தையப் பார்க்கப் போயிருந்தீங்க. உங்க மாமனாரு வாசல்ல நின்னுட்டிருந்தாரு. அளவெடுக்கலாமுங்களான்னேன். 'துக்க ஊடுன்னு எழுதிக்க டீச்சரம்மா. பையன் இல்லை'ன்னாரு."

லோகப்பிரியா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"'மருமகளுக்குத் தெரியும், அவன் ஆத்தாளுக்குத்தான் தெரியாது. நோம்பி கழிச்சு ஊருக்குச் சொல்லிக்கறேன், அதுவரைக்கும் வாயத் தொறக்காத'ன்னாருங்க. நான் செரிங்கன்னு வந்துட்டேன்."

"எப்பங்க, எப்படிங்கன்னு கேக்கலீங்களா?"

 டீச்சர் கையிலிருந்த காவியைச் சேலையில் துடைத்தாள்.

"உங்க ஊட்டு வாசல்ல நின்னுட்டு உங்க மாமனாரை எதுத்துக் கேள்வி கேக்கறதுக்கு எனக்கு இன்னும் வாய் வரலீங்க லோகு. வாத்தியாருகிட்டக் கேப்பேன். கலெக்டருகிட்டக்கூடக் கேப்பேன். எங்கப்பா முப்பது வருசம் வேலை செஞ்ச ஊடு அது."

"எங்கிட்டயாவது..."

"நீங்க பூ வெச்சுட்டு வந்தீங்க. பொட்டு வெச்சுட்டு வந்தீங்க. மாமியாருக்குத் தெரியக் கூடாதுன்னுதான் இப்படி வர்றீங்க, மனசுல எத்தனை வெசனத்த வெச்சுட்டுச் சிரிக்கறீங்கன்னு நெனைச்சனுங்க. நீங்க சிரிச்சபோதெல்லாம் எனக்குச் சோறு எறங்கலீங்க."

சாப்பிடும்போது டீச்சர் டிபன் டப்பாவில் இருந்த முட்டையை இவள் பக்கம் நகர்த்தி வைத்தது ஏன் என்று லோகப்பிரியாவுக்கு இப்போது புரிந்தது. ஐந்து நாளாக ஒருத்தி அவளை விதவையாகப் பார்த்து, அவளுக்காக வருத்தப்பட்டு, அதை வெளிக்காட்டாமல் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். அவளுக்கு மட்டும் தெரியவில்லை.

 தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றாள் அன்புக்கரசி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. "ஐயோ, லோகு."

* * *

தோட்டத்துக்குப் போகிற இட்டேரிப் பாதையில் அவள் நடந்தாளா, ஓடினாளா என்று அவளுக்கே தெரியாது. ஒன்று மட்டும் நினைவு இருந்தது. புரட்டாசியில் மாமனார் மாடு பார்க்கப் போகிறேன் என்று சத்தியமங்கலம் போனார். இரண்டு நாள் கழித்து மொட்டைத் தலையோடு வந்தார். மீசையும் இல்லை. 'வேண்டுதல்' என்றார். எந்தச் சாமிக்கு என்று செல்லாத்தாள் கேட்டாள். 'எல்லாச் சாமிக்குந்தான்' என்றார். அன்றைக்கு அவருக்கு வெந்நீர் விளாவி வைத்தது லோகப்பிரியாதான்.

நஞ்சுண்டன் கட்டுத்தரையில் மாடுகளுக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தார். அவள் நிழல் விழுந்ததும் தெரிந்திருக்கும். தலை நிமிரவில்லை.

"மாமா. நம்மூட்டுக்கு அடிக்கலீங்க."

"செரி."

"துக்க ஊடுன்னு எழுதியிருக்குதுங்க."

அரிவாள் நின்றது.

"வாயத் தொறக்க மாட்டேன்னு அந்தப் புள்ள சொல்லுச்சே" என்றார் மெல்ல.

"அவங்களாச் சொல்லலீங்க. நானாப் போயிக் கேட்டேன்."

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். துண்டை எடுத்து முகம் துடைத்தார். இன்னும் சரியாக வளராத மீசை வெள்ளையாக இருந்தது.

இந்த இடத்தில் அழுதுவிடுவோம் என்று பயந்துகொண்டேதான் வந்தாள். அழுகை வரவில்லை. சொந்தக்காரர் வீட்டுத் துக்கத்தை விசாரிக்கிறவள் மாதிரி அவள் குரல் நிதானமாக இருந்தது.

"எப்படிங்க போச்சு? வண்டி கவுந்துதுங்களா, காய்ச்சலுங்களா? யாரு எடுத்துப் போட்டாங்க?"

"செத்துட்டான்னு நான் சொல்லல."

"என்னுங்க?"

"இல்லைன்னேன். அவ்வளவுதான்."

மாடு ஒன்று தலையை ஆட்டியது. மணி ஒலித்து அடங்கியது. நஞ்சுண்டன் மாட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். எதிரில் நிற்கிறவளின் முகத்தைப் பார்த்துப் பேசுகிற தைரியம் அவருக்கு இல்லை.

"ஆவணியில அவிநாசி சந்தையில சீனிவாசலுவப் பார்த்தேன். அவனோட ஒரே வண்டியில ஓட்டுனவன். திரும்பி வந்துட்டான். டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு போட்டோவக் காட்டுனான். ரிக் வண்டிக்கு முன்னால நிக்கறான். பக்கத்துல அந்த ஊரு பொம்பளை ஒருத்தி. இடுப்புல கொழந்தை."

அவள் கீழே சிதறிக் கிடந்த சோளத்தட்டை அள்ளி மாட்டின் முன்னால் போட்டாள்.

"ஊட்டுக்கு வந்து ஒன்ற முகத்தைப் பார்த்தேன். சொல்ல முடியல. பொரட்டாசியில சத்தியமங்கலம் போனேன். ஆத்துல எறங்குனேன். பெத்தவன் செய்யக் கூடாததையெல்லாம் செஞ்சுபோட்டேன். அவனைத் தலை முழுகிப்போட்டேன் கண்ணு."

"அது நீங்க முழுகுனது மாமா. எனக்கும் சேர்த்து எதுக்குங்க முழுகுனீங்க?"

நஞ்சுண்டன் கைகளை முட்டியில் ஊன்றி எழுந்தார். அறுபத்தெட்டு வயது ஒரேயடியாக அவர் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"அவன் உசுரோட இருக்கறான், வேற ஒருத்தியோட இருக்கறான்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே? என்னைக்காச்சும் வருவான்னு அந்த வாசலையே பார்த்துட்டு ஒக்காந்திருப்பே. ஊரும் ஒன்னையத்தான் சொல்லும். இவளால கட்டி வெக்க முடியலைன்னு. செத்துட்டான்னா யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. ஒனக்கு இருவத்தெட்டு வயசு. நோம்பி கழிச்சு ஒங்கண்ணன்கிட்ட நானே வந்து பேசறதா இருந்தேன். இந்தப் புள்ளைக்கு இன்னொரு பொழப்பு பாருங்கன்னு, எங்கையாலயே..."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. அவளுக்காகத் தன் மகனையே கொன்றிருக்கிறார் இந்த மனிதர். அதற்கு மொட்டையும் போட்டிருக்கிறார். ஆனால் யாருக்காகச் செய்தாரோ அவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. வெளியூர்ப் பையன் வைத்திருக்கிற நோட்டில் அவள் வாழ்க்கையை எழுதவைத்துவிட்டு, காலையில் காபி குடித்துவிட்டு வந்திருக்கிறார்.

"எம்பட தாலிய நீங்க யாரைக் கேட்டுங்க மாமா கழட்டுனீங்க?"

அவர் குனிந்து அரிவாளை எடுத்தார், மறுபடியும் கீழே வைத்தார். 

"அத்தைகிட்ட என்ன சொல்றதா இருந்தீங்க? அவங்க பெத்தவங்க. அவங்களும் இல்லாத பொணத்துக்கு அழுதுருக்கோணுமுங்களா?"

"அவளுக்கு நெசத்தச் சொன்னாத்தான் சாவா. செத்துட்டான்னு சொன்னாத் தாங்கிக்குவா." அவர் உண்மையாகவே அப்படி நம்பினார் என்பது அந்தக் குரலில் தெரிந்தது.

"அட்ரசு இருக்குதுங்களா?"

 அவர் கட்டுத்தரைக் கூரையில் கை விட்டு, ஓலைக்கும் மூங்கிலுக்கும் நடுவே செருகியிருந்த ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். கூரையெல்லாம் தூசியும் ஒட்டடையுமாக இருந்தது. கவர் மட்டும் துடைத்த மாதிரி இருந்தது. அடிக்கடி வெளியே வந்து போகிற கவர்.

"தலை முழுகுனவங்க இதை எதுக்குங்க வெச்சிருக்கீங்க?"

நஞ்சுண்டன் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அவர் உடம்பு மட்டும் குலுங்கியது.

"சீனிவாசலு குடுத்த போட்டோவும் அதுலதான் இருக்குது. பார்க்காத அம்மணி."

அவள் கவரைப் பிரிக்கவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினாள்.

* * *

சாயங்காலம் அவள் வீதிக்கு வந்தபோது கிழக்கு வீதியே வேறு மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் வெள்ளை. இறங்குகிற வெயிலில் கண் கூசியது. அத்தனை வெள்ளைக்கும் நடுவில் பன்னிரண்டாம் எண் வீடு மட்டும், மழைக்கறையும் புகைக்கறையும் அப்பிக்கொண்டு, ஊரில் எல்லோரும் குளித்துவிட்டு வந்த சபையில் குளிக்காமல் வந்தவள் மாதிரி நின்றது. இதற்கு முன் அது அழுக்காகத் தெரிந்ததே இல்லை. சுற்றியிருப்பதை அழகாக்கிய பிறகுதான் தெரிகிறது.

வீதிமுனையில் பையன்கள் மட்டைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அன்புக்கரசி இவளுக்காகவே காத்திருந்தாள்.

"தம்பி, ஒரு மட்டை குடுங்க."

பிரவின்குமார் டீச்சரைப் பார்த்தான். "அக்கா, அந்த வீடு..."

"குடு தம்பி" என்றாள் அன்புக்கரசி.

சாக்கைத் தள்ளிவிட்டு வாளியைத் தூக்கினாள் லோகப்பிரியா. நீலம் அடியில் தங்கியிருந்தது. கையாலேயே கலக்கினாள். எரிந்தது. அன்புக்கரசி கூடவே நடந்தாள்.

"மாமனாரைப் பார்த்தீங்களா?"

"பார்த்தனுங்க. எங்கூட்டுக்காரரு உசுரோட இருக்கறாருங்க. ராய்ப்பூருப் பக்கம். தனியா இல்ல."

அந்த 'தனியா இல்ல' போதுமானதாக இருந்தது. அன்புக்கரசி வாளியின் பிடியைத் தானும் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"லோகு, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. இப்ப இதை அடிச்சீங்கன்னா, செத்துட்டாருன்னு அப்புறம் சொல்ல முடியாது, அவரு எங்கன்னு எல்லாரும் கேப்பாங்க. உங்களுக்குத் தெரியாதது இல்ல. அடிக்கலைன்னா துக்க ஊடுன்னு உச்சுக் கொட்டிட்டுப் போயிருவாங்க. உங்க மாமனாரு நெனைச்சதுலயும் ஒரு..."

"எனக்குத் தெரியுமுங்க."

"பொறகு எதுக்குங்க?"

"அவருக்காக இல்லீங்க டீச்சரு. எம்பட புருசன் செத்துட்டானா, இருக்கறானா, எனக்கு வேணுமா, வேண்டாமா... அதை நான் சொல்லோணுமல்லோ. எனக்கு முன்னால செவுரு சொல்லக் கூடாது."

அன்புக்கரசி ஏணியைக் கொண்டுவந்து சாத்தினாள். அடியில் கால் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். உதவட்டுமா என்று கேட்கவில்லை.

லோகப்பிரியா சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகி ஏறினாள். கவர் இடுப்பில் முறுமுறுத்தது. முதல் மட்டையை ஓட்டுக்குக் கீழே வைத்து இழுத்தாள்.

ராசாத்தாள் தன் வாசலில் வந்து நின்றாள். "ஏனம்மணி, பொழுது எறங்குன பொறகா? ஒரு சத்தம் குடுத்திருந்தா நாலு பேரு வந்து நிமிசத்துல முடிச்சிருப்பமே. இந்தப் பையனுங்களுக்கென்ன கண்ணு பொட்டையா, ஊட்டையே உட்டுட்டுப் போனானுங்க?"

"தப்பா எழுதிட்டாங்களாமுங்க அக்கா."

"எவ எழுதுனா?"

ஏணியைப் பிடித்திருந்த அன்புக்கரசி, "நாந்தானுங்க" என்றாள். 

ராசாத்தாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. என்ன என்று தெரியவில்லை. முனகிக்கொண்டே உள்ளே போனாள். இன்று ராத்திரி அவளுக்குத் தூக்கம் வராது.

சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போது வெள்ளையாகத் தெரியாது. நனைந்த சுவர் மாதிரி இன்னும் கறுத்துத்தான் போகும். காயக் காயத்தான் வெளுக்கும். அவள் மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக அடித்துக்கொண்டே வந்தாள். வீதியில் போனவர்கள் யாருக்கும் அந்த வீட்டில் என்ன மாறுகிறது என்று தெரியவில்லை. விடிந்ததும் தெரியும்.

நஞ்சுண்டன் தோட்டத்திலிருந்து வந்தார். எதிர்ச் சுவரோரம் நின்றார். வாசலுக்குள் நுழையவில்லை. துண்டு கையில் இருந்தது.

மட்டைச் சத்தம் கேட்டு உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. வீங்கிய முட்டியைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பற்றி, செல்லாத்தாள் ஒவ்வொரு அடியாக நிலைப்படிக்கு வந்தாள். ஏணி மேல் மருமகள். கை, முகம், தலையெல்லாம் சுண்ணாம்பு. எதிரே நின்ற புருஷனைப் பார்த்தாள். காலனி டீச்சர் கண்ணைத் துடைப்பதையும் பார்த்தாள்.

கிழவிக்கு ஊர் உலகம் தெரியாதுதான். ஆனால் முகம் படிக்கத் தெரியும். மூன்று முகங்களையும் ஒன்றுசேர்த்துப் படித்தாள். தன் ஆசைக்குத் தகுந்த மாதிரி படித்தாள்.

"எதாச்சும் சேதி வந்துதா அம்மணி?" என்றாள்.  "அவன் வாரானா?"

எதிர்ச்சுவரோரம் நஞ்சுண்டன் கண்ணை மூடிக்கொண்டார்.

மட்டை சுவரிலேயே நின்றது. சுண்ணாம்பு லோகப்பிரியாவின் முழங்கையில் வழிந்து ஏணியில் சொட்டியது. இறங்கலாமா என்று யோசித்தாள். இறங்கினால் அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதுவிடுவாள் என்று தெரிந்தது. அதனால் இடுப்பிலிருந்த கவரைத் தொட்டுக்கொண்டு மேலே இருந்தே சொன்னாள்.

"இல்லீங்க அத்தை. அவரு வர்லீங்க. நாந்தான் போறேன்."